ஆரல்வாய்மொழிக் காற்றில் குதிரை தாண்டும் பாடம்

லீவில் ஊருக்குப் போகும்போது நாகர்கோவில் பக்கம் ஷோ ஜம்பிங், அதாவது குதிரையில் ஏறித் தடை தாண்டும் விளையாட்டு, கற்றுக்கொள்ள வழி உண்டா என்றால், உண்டு. சொல்லிக் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. ஹெல்மெட்டை மட்டும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

நான் போனது தோவாளை தாண்டி ஒரு தோட்டத்துக்கு. கன்னியாகுமரி கடற்கரையில் போட்டோவுக்காக ஏற்றிவிடும் சவாரி இல்லை இது. மணல் போட்ட மைதானம், சிவப்பும் வெள்ளையும் அடித்த சவுக்குக் கம்புகள், நாலைந்து குதிரைகள். லண்டனில் உயரம், எடை, அனுபவம், விழுந்தால் யார் பொறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதி வாங்குவார்கள். இங்கே மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற குதிரை ஒன்றைக் காட்டினார். பதிவு முடிந்தது.

மீரட்டில் ராணுவக் குதிரைப் பிரிவில் இருந்தவராம். முதல் அரை மணி நேரம் தாண்டல் கிடையாது. தரையில் கம்புகளை நாலரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, அவற்றின் மேல் டிராட்டில், அதாவது மெதுவான ஓட்டத்தில், போகச் சொன்னார். இடைவெளிக்கு ஒரு எட்டு என்று குதிரையின் கால் ஒழுங்குக்கு வந்த அப்புறம்தான், இரண்டு கம்பைக் குறுக்கே சாய்த்து ஒன்றரை அடியில் முதல் தடை. கம்பு உட்காரும் கப்பில் ஆழமே இல்லை. மாஸ்டர் ஒரு விரலால் தட்டினார், கம்பு உருண்டு விழுந்தது.

"இது விழணும் மக்கா. இது விழல்லேன்னா குதிர விழும்."

போட்டியில் ஒரு கம்பு விழுந்தால் 4 பெனால்டி புள்ளி. குதிரை தாண்டாமல் நின்றுவிட்டாலும் முதல் தடவைக்கு அதே 4.

நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம் குதிரைக்குக் கண் தெரியாது. ஆகவே கம்பு கிட்டே வந்ததும், முன்னே பார்த்து வைத்த கணக்கில்தான் அது எழும்புகிறது. அந்த நேரம் கடிவாள வாரை இழுத்தால் கழுத்தை நீட்ட முடியாமல் தடுமாறும். "கைய கழுத்தோட போக விடு, வெப்ராளப்படாத (பதறாதே) மக்கா" என்று மாஸ்டர் சத்தம் கொடுத்தபடியே இருந்தார். எனக்குச் சொன்னாரா குதிரைக்குச் சொன்னாரா தெரியாது, இரண்டு பேரும் கேட்டோம்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா விடுமா? காற்றாலை இறக்கைகளின் நிழல் மைதானத்தில் ஓடுவதை அந்தக் குதிரை சட்டை செய்யவே இல்லை. தொழுவத்துத் தார்ப்பாய் ஒரு ஓரம் படபடத்ததும் பக்கவாட்டில் ஒரே துள்ளல். தார்ப்பாயைக் கட்டச் சொல்லாமல், அதன் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி நடத்திப் பழக்கினார். பழைய ஆள் பழைய ஆள்தான்.

சரி, ஹெல்மெட். முதலில் நீட்டியது ஒரு சைக்கிள் ஹெல்மெட். அது பின்மண்டையைச் சரியாக மூடாது, தாடை வாரும் பிய்ந்து முடிச்சுப் போட்டிருந்தது. "நல்லது ரெண்டும் பிள்ளைங்க போட்டிருக்கு" என்றார்கள். பிள்ளைகளுக்கு முதலில் என்பது நியாயம். புதுச் சேணம் வாங்கக் காசு இருக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு ஹெல்மெட் வாங்கவா இல்லை? பெரிய பையன் ஒருவன் கழற்றும்வரை காத்திருந்துதான் ஏறினேன்.

ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் உள்ள ஷூ போடுங்கள், இல்லையென்றால் ஏற விடமாட்டார்கள். மட்டிப் பழம் கொண்டுபோனால் குதிரை தோலோடு தின்னும், மாஸ்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். சர்ச் முடிந்து வரும் பிள்ளைகள் கூட்டத்தில் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடும், வெயிலில் குதிரையை வெளியே எடுக்க மாட்டார்கள்.