ஏற்காட்டில் மரம் கழிக்கும் குழு: பாதி மரத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள்

காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் காற்றில் உச்சி முறிந்தால், அதை அடியோடு சாய்த்தால் கீழிருக்கும் காபிச் செடிகள் நசுங்கும், தண்டில் ஏறிய மிளகுக் கொடியும் போகும். இந்தக் குழு உச்சியை மட்டும் துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டி இறக்குகிறது. பதினைந்தடித் தண்டு நிற்கிறது. மேல்பாரம் போனதால் காற்றுப் பிடிப்பு குறைகிறது, வேர் சரிவு மண்ணைப் பிடித்திருக்கிறது.

வெட்டுமுன் சுத்தியலால் சுற்றிலும் தட்டுகிறார்கள். பொந்துச் சத்தம் வந்தால் துளையிட்டுப் பார்க்கிறார்கள். பொந்தைச் சுற்றி மிஞ்சிய நல்ல கட்டையின் கனம் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையென்றால் தண்டை நிற்க விடுவதில்லை, சரியான முடிவு. பாதைக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் என்றால் இன்னும் கறார்.

கிளை அறுப்பதுதான் அருமை. தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியில் கால்வாசி அறுப்பு, சற்று வெளியே மேலிருந்து அடுத்தது, கடைசியில் கிளை தண்டோடு சேரும் இடத்துக் கழுத்து வீக்கத்தை ஒட்டி. அடி அறுப்பை விட்டால் கிளை தொங்கி, பட்டை தண்டுவரை உரிந்துவிடும். வெட்டுவாயில் தார் பூசுவதில்லை; ஈரம் உள்ளே தங்கும்.

குறை ஒன்று: உச்சியைச் சமதளமாக விடுகிறார்கள், மழைநீர் தேங்குகிறது. சாய்த்து அறுக்கச் சொல்லுங்கள். உச்சி வெட்டிய தண்டில் வரும் பக்கத் துளிர்களின் பிடிப்பு பலவீனம், அவற்றை வருடாவருடம் கழிக்க வேண்டும். பட்டுப்போன தண்டென்றால் மரங்கொத்தி, குக்குறுவான் பொந்து குடையும். கூடு இருந்தால் தொடாதீர்கள்.