எஞ்சினைத் தூக்கியா, தூக்காமலா?

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் கார்களில் எஞ்சின் படுத்த வாக்கில் இருக்கும். எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் பக்கவாட்டில், சட்டத்தை ஒட்டி ஒளிந்திருக்கும். அவற்றை மாற்ற இரண்டு வழி: எஞ்சினை அப்படியே விட்டுச் சந்துக்குள் கைவிடுவது, அல்லது எஞ்சினைச் சற்றே தூக்கிக்கொள்வது. எந்த வழியானாலும் எஞ்சின் ஆறட்டும். பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி வெளியே வரட்டும்.

செலவு: தூக்காவிட்டால் ஸ்பேனரை நீட்டும் குட்டைக் கம்பிகளான எக்ஸ்டென்ஷன்கள் போதும். தூக்க ஜாக்கி, ஸ்டாண்டு, மரப்பலகை வேண்டும்.

சிரமம்: தூக்காவிட்டால் சாக்கெட் (பிளக்கைக் கவ்வும் குழல்), எக்ஸ்டென்ஷன், ராட்செட் (திருகும் கைப்பிடி) என்று அந்தச் சந்துக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். கை சிராய்க்கும், வாயில் நல்ல வார்த்தை வராது. எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மவுன்ட் நட்டுகளைக் கழற்றிச் சற்றே உயர்த்தினால் கை தாராளமாகப் போகும்.

ஆபத்து: ஜாக்கிக்கு மேல் பலகை வைக்காமல் தூக்கினால், எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் பேன் நசுங்கலாம்.

பொறுமைசாலிக்குத் தூக்காத வழி. பிளக் இறுகிக் கிடந்தால் மல்லுக்கட்டாமல் எஞ்சினைத் தூக்கிவிடுங்கள். அப்புறம், புதியதை முதலில் கையாலேயே திருகுங்கள்; பிளக் இறங்கும் எஞ்சின் தலைப்பகுதி அலுமினியம், மரை சீக்கிரம் போய்விடும்.