பல்கலைக்கழகத்தைப் பார்த்தேன், படிப்பைப் பார்க்கவில்லை

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பிராஷரை அனுப்பி, "மாமா, இந்த கோர்ஸ் நல்லா இருக்குமா? சேரலாமா?" என்று கேட்டாள். அது நான் படித்து ஏமாந்த பல்கலைக்கழகம் இல்லை, ஆனால் அதே ஜாடை. புல்வெளி, லேப்டாப்போடு சிரிக்கும் நாலு பேர், 96% பிளேஸ்மென்ட், உலகத் தரவரிசை எண், தங்க நிறத்தில் "அங்கீகாரம் பெற்றது" என்று ஒரு முத்திரை. அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. அட்மிஷனுக்கு அலைகிற எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் விழுவீர்கள்.

நான் சேர்ந்தது டேட்டா சயின்ஸ் முதுநிலை, இரண்டு வருஷப் படிப்பு. வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். போலிப் பல்கலைக்கழகம் ஒன்றும் இல்லை. அங்கே இயற்பியல் துறைக்கு உண்மையிலேயே பெரிய பேர். நான் சேர்ந்த படிப்பு தொடங்கியே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

முதல் உறுத்தல் மூன்றாவது வாரத்தில். ஒரு பாடத்தின் ஸ்லைடுகளில் எப்போதும் வலது மேல் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். பின்னணி லேசான சாம்பல், கட்டம் மட்டும் பளீர் வெள்ளை. ஒரு நாள் சார் ஏதோ தட்டப்போக, கட்டம் நகர்ந்து அடியிலிருந்து வேறொரு பல்கலைக்கழகத்தின் லோகோ எட்டிப் பார்த்தது. வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், பாவம். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு வருபவர். செமஸ்டர் தொடங்க நாலு நாள் இருக்கும்போது அந்தப் பாடத்தை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

அன்று ராத்திரிதான் இணையதளத்தில் இருந்த ஆசிரியர் பட்டியலை ஒழுங்காகப் பார்த்தேன். 11 பேர். அதில் எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் 3 பேர். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, படம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறது. மிச்சப் பேர் பக்கத்துத் துறைக்காரர்கள்; இப்படியொரு பட்டியலில் தங்கள் பெயர் இருப்பதே அவர்களில் சிலருக்குத் தெரியாது.

அடுத்தது எலெக்டிவ், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம். பிராஷரில் 14 பாடங்கள் இருந்தன. நான் சேர்ந்ததே அதில் இருந்த மொழித் தொழில்நுட்பப் பாடத்துக்காக. மூன்றாம் செமஸ்டரில் படிவம் வந்தபோது தேர்ந்தெடுக்க இரண்டே இரண்டு. கேட்டால், குறைந்தது 15 பேர் சேர்ந்தால்தான் ஒரு பாடத்தை நடத்துவார்களாம். வகுப்பில் நாங்கள் 38 பேர், ஆளுக்கு ஒரு எலெக்டிவ். 15-ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கு மேல் எப்படி நடக்கும்? 14 பாடங்களை அச்சடித்தவருக்கும் இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும். எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். "பாடத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது" என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்று பதில் வந்தது. போட்டிருந்தார்கள்தான்.

பிளேஸ்மென்ட் கதை இன்னும் அழகு. நான் சேர்ந்தபோது பிராஷரில் 91% என்று இருந்தது. அந்தப் படிப்பை முடித்து வெளியே வந்தவர் அப்போது ஒருத்தர்கூட இல்லை! அது மொத்தப் பல்கலைக்கழகத்தின் எண் என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் செட்டின் எண் எப்படிப் பிறந்தது என்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். 38 பேரில் அரியர் வைத்தவர்களைக் கழித்தார்கள், மதிப்பெண் குறைந்தவர்களைக் கழித்தார்கள், வந்த முதல் வேலையை வேண்டாம் என்றவர்களையும் கழித்தார்கள். "தகுதியானவர்கள்" 15 பேர். 14 பேருக்கு வேலை கிடைத்தது, ஆகவே 93%. அந்தப் பதினாலில் நானும் ஒருவன். படிக்க வருவதற்கு முன்னால் இருந்த அதே கம்பெனிக்கு, அதே வேலைக்குத் திரும்பிப் போனவன்.

முத்திரையும் பொய்யில்லை, பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுத்தது. என் படிப்பை யாரும் வந்து பார்த்ததே இல்லை. நிறுவனத்துக்குக் கிடைக்கும் அங்கீகாரம் வேறு, படிப்புக்குக் கிடைப்பது வேறு. பொறியியலில் ஒருவர் அங்கீகரித்த பட்டத்தை மற்றவர் ஏற்றுக்கொள்ள 1989-ல் 6 நாட்டு அமைப்புகள் சேர்ந்து போட்ட வாஷிங்டன் ஒப்பந்தம்கூட ஒவ்வொரு பட்டப்படிப்பையும் வைத்துத்தான் பேசுகிறது. ஆகவே முத்திரையைக் காட்டினால் எந்தப் படிப்புக்கு, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று கேளுங்கள்.

தரவரிசையை நம்பியதுதான் என் பெரிய முட்டாள்தனம். 2003-லிருந்து வரும் ஷாங்காய் உலகத் தரவரிசைப் பட்டியலில் 30% மதிப்பு, பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும். கியூஎஸ் என்ற இன்னொரு உலகப் பட்டியலில் 2023 பதிப்பு வரை சரிபாதி மதிப்பு, பேராசிரியர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு. இதில் என் வகுப்பறை எங்கே வருகிறது? படிப்பையே தனியாக வரிசைப்படுத்தினாலும் எண்களைக் கொடுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம்தானே. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்பிஏ 2015 முதல் 2018 வரை யூ.எஸ். நியூஸ் பட்டியலில் தொடர்ந்து நாலு முறை முதலிடம். புதிதாகச் சேர்ந்த 255 பேருமே ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கொடுத்ததாகக் கணக்கு எழுதியிருந்தார்கள். கொடுத்தது 50 பேர். அந்த வணிகப் பள்ளியின் முன்னாள் டீன் மேல் 2021-ல் மோசடி நிரூபணமாகி, மறு வருஷம் 14 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அக்கா மகளுக்குச் சொன்னது இதுதான். சிலபஸைக் கேட்காதே, அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். போன செமஸ்டரின் டைம்டேபிளைக் கேள். எந்தப் பாடம் நடந்தது, யார் எடுத்தார் என்று அதில் இருக்கும். கூடவே போன வருஷ வினாத்தாள் ஒன்று வாங்கிப் பார். மனப்பாடக் கேள்விகளா, யோசிக்க வைப்பவையா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேள், சதவீதம் சொன்னால் விடாதே. இரண்டாம் வருஷ மாணவர் ஒருவரிடம் பேசு, ஆனால் ஆபீஸ் கொடுக்கும் நம்பர் வேண்டாம்.

அவள் போன் போட்டு டைம்டேபிள் கேட்டிருக்கிறாள். சேர்ந்த பிறகுதான் தருவோம் என்றார்களாம். அதிலிருந்து தினமும் அவளுக்கு போன் வருகிறது, இன்னும் இரண்டு சீட்தான் பாக்கி, சீக்கிரம் என்று. ஐந்து நாளாக அதே இரண்டு சீட்.