உப்புக்காற்று வீட்டில் பீஎல்டிசி ஃபேன்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட வீடு இருப்பவர்கள் சீலிங் ஃபேன் மாற்றும்போது விலையையும் வோற்ஸையும் மட்டும் பார்க்காமல் கறளையும் யோசித்து வாங்குங்கள். எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம். அம்மாவின் அறையில் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பீஎல்டிசி (BLDC) ஃபேன், அதாவது உள்ளே ஒரு எலெக்ட்ரோனிக் போர்ட் மோட்டரை ஓட்டுகிற, கரண்ட் குறைவாக இழுக்கிற ஃபேன் பூட்டிச் சில வருடங்களாகின்றன, கச்சான் வெக்கையையும் மார்கழி மழையையும் அது கண்டுவிட்டது, ஆகவே இப்போது தைரியமாக எழுதலாம்.

முதலில் ஒன்று. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காக மட்டும் புதிது வாங்க ஓடாதீர்கள். பழைய வகை ஃபேனில் மோட்டர் சுற்ற உதவுகிற கப்பாசிற்றர் என்ற சின்னப் பாகம் பலமிழந்தாலே வேகம் குறையும். பெரும்பாலும் 2.5 அல்லது 3.15 மைக்ரோஃபரட் என்று அதில் எழுதியிருக்கும், அதே அளவில் ஒன்று வாங்கி மாற்றினால் சிறு செலவில் வேலை முடிந்துவிடும். எங்கள் பழைய ஃபேனில் அதையும் மாற்றி, பேரிங்கும் மாற்றிப் பார்த்தாயிற்று. இறக்கை பூட்டியிருந்த ஆணிகள் கறள் பிடித்து இறுகி, மோட்டர் மூடியும் பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கிய பிறகுதான் மாற்றினோம்.

கரண்ட் பில் விஷயம் உண்மை. பழையது 75 வோற்ஸ் அளவு இழுக்கும், இது முழு வேகத்தில் 30 அளவுதான். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு ஒரு ஃபேனில் 13 யூனிற்றுக்கு மேல் மிச்சம். எங்கள் மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 60, 90, 120 யூனிற் என்று ஒவ்வொரு படியிலும் விலை மாறும், அதனால் படிக்குக் கிட்ட நிற்கிற வீட்டுக்கு இந்தப் பதின்மூன்று யூனிற் பெரிய விஷயம்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. பின்னேரம் ஊரெல்லாம் லைட் போடும்போது வோல்ற்றேஜ் இறங்குமே, பழைய ஃபேன் அப்போது சோர்ந்துபோய்ச் சுற்றும், காற்றுக் காணாது. இது அதே வேகத்தில் நிற்கிறது. பற்றரி இன்வேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் கரண்ட் போன நேரத்தில் பழையதைவிட இரண்டு மடங்கு நேரம் ஓடும், 2022 மின்வெட்டில் மணிக்கணக்காக இருட்டில் வேர்த்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அப்புறம் றிமோட். விடியப்புறம் குளிரத் தொடங்கினால் அம்மா படுத்தபடியே வேகத்தைக் குறைத்துவிடுகிறார், முழங்கால் வருத்தத்தோடு எழும்பி சுவிட்சுக்கு நடக்கத் தேவையில்லை.

குறை என்றால் உள்ளே இருக்கிற போர்ட்தான். ஒரு சித்திரை மாதப் பின்னேர இடிமின்னலில் எங்களுடையது போய்விட்டது. பழைய ஃபேன் என்றால் சந்தியில் இருக்கிற வைன்டிங் கடையிலேயே மோட்டரின் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றித் தருவார்கள், இதற்குப் புதுப் போர்ட் வரும்வரை அம்மா மேசை ஃபேனோடு இருந்தார். வாங்கும்போதே "போர்ட் தனியாகக் கிடைக்குமா, எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள், கடைக்காரர் மழுப்பினால் வேறு கடை பாருங்கள். இடி முழங்கத் தொடங்கினால் நாங்கள் இப்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிடுகிறோம்.

பூட்டும்போது சுவரிலிருக்கும் பழைய றெகுலேற்றரைக் கட்டாயம் எடுத்துவிட்டு நேரடியாகச் சுவிட்சுக்கு லைன் கொடுக்க வேண்டும், அது இடையில் இருந்தால் போர்ட் கெட்டுவிடலாம். அதைவிட முக்கியம் கூரையில் இருக்கிற கொக்கி. எங்கள் வயரிங் அண்ணா மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி, ஸ்குறூ ட்ரைவரால் கொக்கியைச் சுரண்டிக் காட்டினார், மேலே பெயின்ற் பளபளவென்று இருக்கிறது, உள்ளே தகடு தகடாகக் கறள் கழன்று வருகிறது. புதுக் கொக்கி போட்ட பிறகுதான் ஃபேனைத் தூக்கினார். ஃபேன் தொங்குகிற கம்பியின் போல்ற் கழன்றுவிடாமல் போடுகிற ஸ்பிளிற் பின்னையும் விடாதீர்கள், அதன் இரண்டு காலையும் விரித்துவிட்டார்களா என்று கீழே நின்று பாருங்கள். மழைக்காலம் முடிய ஒருமுறை ஈரத்துணியால் இறக்கையைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தால் உப்புப் படிவது குறையும்.

விறாந்தை ஃபேனும் இப்போது ஆட்டம் காண்கிறது. அது கடலைப் பார்த்த பக்கம், சாரல் நேரே அடிக்கும், ஆகவே அங்கே போர்ட் இல்லாத சாதாரண ஃபேன்தான் போடப் போகிறோம்.