கால்நடை மருத்துவ ஆய்வுக் கட்டுரைக்கு ஸோட்டெரோ: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

மேற்கோள்களைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஸோட்டெரோவை, அது ஃபயர்பாக்ஸ் உலாவிக்குள் ஓர் இணைப்பாக இருந்த காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். என் துறை ஒட்டுண்ணியியல். ஆடுகளின் குடற்புழுக்கள், புழுநீக்க மருந்துகளுக்கு அவை காட்டும் எதிர்ப்பு, பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் முனைவர் பட்ட மாணவனாக, பிறகு மாணவர்களின் வரைவைத் திருத்துகிறவனாக, இப்போது அவ்வப்போது இதழ்களுக்கு மதிப்பாய்வு செய்கிறவனாக மூன்று பக்கத்திலிருந்தும் இந்த மென்பொருளைப் பார்த்துவிட்டேன். ரெஃபரன்ஸ் பட்டியலைத் தானாகப் போட்டுத் தரும் என்று சொல்லித்தான் புதியவர்களுக்கு இதை அறிமுகப்படுத்துகிறார்கள். போட்டுத் தரத்தான் செய்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. கட்டுரையில் நான் எழுதிய ஒவ்வொரு கூற்றும் யாருடைய எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை, இரண்டு வருடம் கழித்து மதிப்பாய்வாளர் கேட்டாலும் என்னால் எடுத்துக்காட்ட முடிகிறது.

அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள் இது. விலை கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வேர்டு, லிப்ரே ஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் எதில் எழுதினாலும் உள்ளிருந்தபடியே மேற்கோள் சேர்க்கலாம். இதழின் இணையப் பக்கத்தில் நிற்கும்போது உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, தொகுதி எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். பிடிஎஃப் கிடைத்தால் அதுவும் கூடவே வரும்.

மேற்கோள் வடிவத்தை, அதாவது ஸ்டைலை, மாற்றும் வசதியின் அருமை, கட்டுரை நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும் நாளில்தான் தெரியும். முதலில் அனுப்பிய இதழ் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கேட்கும். அடுத்து அனுப்பப்போகும் இதழ் வரிசை எண் கேட்கும். அறுபது எழுபது மேற்கோள் உள்ள கட்டுரையைக் கையால் மாற்றினால் ஒரு வாரம் போய்விடும், எண்கள் எங்காவது புரண்டும் போகும். இங்கே ஸ்டைலை மாற்றினால் வேலை முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டைல்கள் கிடைக்கின்றன. நம் நாட்டு இதழ்கள் எல்லாவற்றுக்கும் இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த இதழின் அண்மைய கட்டுரை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு நெருக்கமான ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, மிச்சமுள்ள சிறு வேறுபாடுகளைக் கடைசியில் திருத்திக்கொள்வதே என் வழக்கம்.

உள்ளே போடுவது சரியாக இருந்தால்தான் வெளியே வருவதும் சரியாக வரும். நம் துறையில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். முதலாவது, உயிரினங்களின் அறிவியல் பெயர்கள். ஹீமாங்கஸ் கன்டார்டஸ், புருசெல்லா மெலிடென்சிஸ் போன்றவை சாய்வெழுத்தில் வர வேண்டும். இணையப் பக்கத்திலிருந்து இழுக்கும்போது பல நேரங்களில் அந்தச் சாய்வு வராது. தலைப்புப் புலத்தில், பெயருக்கு முன்னும் பின்னும் இணையப் பக்கங்களில் சாய்வுக்குப் போடும் அதே குறியைப் போட்டுவிட்டால் பட்டியலில் சரியாக விழும். ஒரு முறை போட்டால் போதும், அந்தக் கட்டுரையை அதன்பின் எங்கே மேற்கோள் காட்டினாலும் சரியாகவே வரும். தலைப்பு முழுவதையும் சாய்வாகக் கேட்கும் ஸ்டைல் என்றால், அறிவியல் பெயர் மட்டும் நேர் எழுத்தில் வரும்படி அதுவே மாற்றிக்கொள்ளும். இந்த அளவுக்கு யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தலைப்பில் வரும் பெரிய எழுத்துகள். சில பதிப்பகங்களிலிருந்து ஆங்கிலத் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வரும், சிலவற்றிலிருந்து ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்து மட்டும். சேமிக்கும்போதே எல்லாவற்றையும் வாக்கிய நடைக்கு மாற்றிவிடுங்கள். தலைப்புப் புலத்தில் வலது கிளிக் செய்தால் அதற்கு வழி இருக்கிறது. மாற்றிய கையோடு மேச்சேரி, ராமநாதபுரம், இந்தியா போன்ற பெயர்களின் முதல் எழுத்து சிறிதாகிவிட்டதா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும். சேர்த்த அன்றே இதைச் செய்தால் ஒரு நிமிட வேலை. அனுப்பும் முந்தைய இரவு உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும்.

மூன்றாவது, பெயர்கள். தமிழ்நாட்டு ஆய்வாளர்களை மேற்கோள் காட்டுகிற எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். மென்பொருளோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. க. முருகன் என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இதழ் அவரை முருகன் க. என்று பதிவு செய்யும். இன்னோர் இதழ் முன்னெழுத்தை விரித்து, அவருடைய அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். நம் சேகரிப்பில் அவர் இரண்டு ஆட்களாகிவிடுவார். ஆசிரியர்-ஆண்டு ஸ்டைலில் எழுதும்போது, ஒரே ஆளின் கட்டுரைகள் வரிக்குள் இரண்டு வெவ்வேறு பெயர்களில் தனித்தனியாக நிற்கும். பட்டியலிலும் வேறு வேறு இடத்துக்குப் போய்விடும். மதிப்பாய்வுக்கு வரும் வரைவுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆய்வில் ஒருவர் போட்ட உழைப்புக்குக் கிடைக்கும் அடையாளம் அவர் பெயர்தான். அதைச் சரியாகப் போடுவது நம் கடமை. புதிதாக எழுத வருகிறவர்கள், ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, எல்லாக் கட்டுரைகளிலும் பெயரை ஒரே மாதிரி எழுதுவது பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நிறுவனங்களின் பெயருக்கும் இதே சிக்கல் உண்டு. உலக விலங்கு சுகாதார அமைப்பின் நோயறிதல் கையேட்டை மேற்கோள் காட்டாத கால்நடைக் கட்டுரை குறைவு. நிறுவனத்தின் பெயரை இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டால், ஆங்கிலப் பெயரின் கடைசிச் சொல்லான 'ஹெல்த்' என்று ஓர் ஆசிரியர் முன்னெழுத்துகளோடு பட்டியலில் வந்து நிற்பார். பெயர்ப் புலத்தின் ஓரத்தில் அதை ஒற்றைப் பெட்டியாக்கும் சிறு பொத்தான் இருக்கிறது. இந்த அமைப்பு 1924-இல் தொடங்கி நெடுங்காலம் ஓ.ஐ.இ. என்ற சுருக்கப் பெயரில் இயங்கியது; 2022-இல்தான் இப்போதைய சுருக்கப் பெயருக்கு மாறியது. பழைய பதிப்பைக் காட்டினால் பழைய பெயர், புதியதைக் காட்டினால் புதிய பெயர் என்று நான் தனித்தனிப் பதிவாக வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பொத்தானை அழுத்தி எடுத்துவிட முடியாது. நம் துறையின் அறிவில் பெரும்பகுதி பழைய இதழ்த் தொகுதிகளிலும் கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டத்துக்கான எம்.வி.எஸ்சி. ஆய்வேடுகளிலும் கிடக்கிறது. இணையத்தில் ஒரு கட்டுரைக்கு நிலையான அடையாளமாகத் தரும் டிஓஐ எண் முறையே 2000-ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. நூறாண்டு கண்ட இந்தியன் வெட்டரினரி ஜர்னலின் பழைய தொகுதியிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்தால், நூலகத்தில் உட்கார்ந்து பக்க எண்ணிலிருந்து எல்லாவற்றையும் கையால்தான் நிரப்ப வேண்டும். ஆய்வேடுகளுக்கு வேளாண் பல்கலைக்கழகங்களின் மின்களஞ்சியமான கிருஷிகோஷ் கைகொடுக்கிறது. பதிவு வகையில் ஆய்வேடு என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட மறக்காதீர்கள். இவ்வளவு சிரமம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். வெள்ளாட்டுப் புழு பற்றி நம் மாவட்டத்தில் யாரும் ஆராயவில்லை என்று எழுதுவதற்கு முன், யாரோ ஒருவர் ஆராய்ந்து பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போன ஆய்வேட்டைப் பார்த்துவிடுவது நியாயம்.

முதலில் சொன்ன பெரிய பயனுக்கு இப்போது வருகிறேன். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை ஸோட்டெரோவுக்குள்ளேயே திறந்து, வரியை வண்ணமிட்டு, குறிப்பு எழுதலாம். வண்ணமிட்ட வரிகளைக் குறிப்பாகத் திரட்டினால் ஒவ்வொன்றின் கூடவும் பக்க எண் ஒட்டியிருக்கும். அதை அழுத்தினால் மூலத்தின் அதே வரிக்குப் போய் நிற்கும். முறைகளுக்கு ஒரு நிறம், முடிவுகளில் உள்ள எண்களுக்கு ஒரு நிறம், நான் ஒப்புக்கொள்ளாத இடத்துக்குச் சிவப்பு. விவாதப் பகுதி எழுதும்போது சிவப்பைத்தான் முதலில் திறப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளாடு பல புழுநீக்க மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக உடலிலிருந்து வெளியேற்றிவிடும், அதனால் செம்மறிக்கான அளவு அதற்குப் போதாது என்பது துறையில் எல்லோரும் எழுதும் செய்தி. வரைவுகளில் இதற்குப் பெரும்பாலும் ஏதாவதொரு மீளாய்வுக் கட்டுரையைக் காட்டியிருப்பார்கள். அந்த மீளாய்வு இன்னொரு மீளாய்வைக் காட்டும். இரத்தத்தில் மருந்தின் அளவை உண்மையில் அளந்தவர் பெயர் எங்கோ பின்னால் மறைந்துபோயிருக்கும். எந்த மருந்து, எந்த அளவு, வாய்வழியா ஊசியா என்ற விவரமும் அவரோடேயே போய்விடும். மூலக் கட்டுரையைத் தேடி எடுத்து, அந்த அட்டவணையில் வண்ணமிட்டு வைத்த பிறகுதான் அந்த வரியை எழுதுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். கருவி வழியைக் காட்டிவிடுகிறது, நடப்பது நம் பொறுப்பு.

இன்னொன்று, புழு முட்டை எண்ணிக்கைக் குறைவுச் சோதனை: மருந்து கொடுத்தபின் சாணத்தில் புழு முட்டைகள் எத்தனை சதவீதம் குறைந்தன என்று பார்ப்பது. கால்நடை ஒட்டுண்ணியியல் முன்னேற்றத்துக்கான உலகச் சங்கம் இதற்கு 1992-இல் வழிகாட்டி வெளியிட்டது. செம்மறி, வெள்ளாட்டில் குறைவு 95 சதவீதத்துக்குக் கீழேயும், 95 சதவீத நம்பக இடைவெளியின் கீழ் எல்லை 90-க்குக் கீழேயும் இருந்தால் எதிர்ப்பு உண்டு என்று அது வகுத்தது. 2023-இல் வந்த புதிய வழிகாட்டி, அதே ஆடுகளில் மருந்துக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பதைப் பரிந்துரைக்கிறது. எல்லைகளையும் விலங்குக்கும் மருந்துக்கும் ஏற்பத் திருத்தியிருக்கிறது. ஆகவே 'எதிர்ப்பு கண்டறியப்பட்டது' என்ற ஒரே வாக்கியம் இரண்டு காலத்துக் கட்டுரைகளில் ஒரே பொருளைத் தராது. என் சேகரிப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எந்த வழிகாட்டிப்படி முடிவு சொன்னது என்று ஒட்டுச்சொல் போட்டிருக்கிறேன். ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கும்போது இரண்டும் கலக்காமல் பிரித்துவிட முடிகிறது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை நம் சேகரிப்பில் இருந்தால் சிவப்புப் பட்டையோடு எச்சரிக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. வேர்டில் அதை மேற்கோளாகச் சேர்க்கப் போனாலும் தடுத்துக் கேட்கும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ரெஃபரன்ஸ் வாங்கும் பழக்கம் பரவியிருக்கும் இப்போது இன்னொரு பயனும் சேர்ந்துகொண்டது. இல்லாத கட்டுரைக்கு அவை டிஓஐ எண்ணைக்கூட உருவாக்கித் தருகின்றன. மந்திரக்கோல் படமிட்ட பொத்தானில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்: ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமே இல்லாத கட்டுரை வரும். எந்த மேற்கோளும் இந்த வழியாகவோ, கையில் உள்ள பிரதியிலிருந்தோ தவிர வேறெப்படியும் எங்கள் துறைக் கட்டுரைக்குள் வரக்கூடாது என்று வைத்திருக்கிறோம்.

சேர்ந்து எழுதும்போது சில ஒழுங்குகள் தேவை. குழுச் சேகரிப்பு ஒன்றைத் தொடங்கி எல்லோரும் அதிலிருந்தே மேற்கோள் எடுத்தால் சிக்கல் வராது. ஒருவர் மெண்டலே, ஒருவர் எண்ட்நோட், ஒருவர் ஸோட்டெரோ என்று ஒரே வேர்டு கோப்பில் வேலை செய்தால் மேற்கோள்கள் ஒன்றோடொன்று பேசாது. கைடு கையால் திருத்துகிறவர் என்றால், வரிகளை மட்டும் திருத்தும்படியும் மேற்கோளில் மாற்றம் வேண்டுமானால் ஓரக் குறிப்பாக எழுதும்படியும் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. மேற்கோளுக்குள் கையால் அடித்துத் திருத்துவது அடுத்த புதுப்பிப்பில் அழிந்துபோகக்கூடும். பத்தியை வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பித் திரும்ப வாங்கினால் இணைப்பு முழுவதும் போய்விடும். இதழுக்கு அனுப்பும் பிரதியில் இணைப்புகளைத் துண்டித்து வெறும் எழுத்தாக்கிவிடலாம். அதற்குமுன் துண்டிக்காத பிரதியை வேறு பெயரில் கட்டாயம் சேமித்து வைக்க வேண்டும். திருத்தம் கேட்டுக் கட்டுரை திரும்பி வரும்போது தேவைப்படுவது அந்தப் பிரதிதான்.

செலவைப் பொறுத்தவரை, இணையத்தில் இலவச இடம் 300 எம்பி. ஸ்கேன் செய்த பழைய கட்டுரைகள் சில சேர்ந்தாலே அது நிறைந்துவிடும். ஆனால் பட்டியல் விவரங்கள் இந்தக் கணக்கில் வராது. பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்து, வெளி வன்தட்டில் மாதாமாதம் நகல் எடுத்துக்கொண்டால் காசு கட்டத் தேவையில்லை. பெரும்பாலான மாணவர்களுக்கு அதுவே போதும்.

இது செய்யாத வேலைகளையும் சொல்லியாக வேண்டும். நெறிக்குழு அனுமதி எண், ஆட்டின் உரிமையாளர் தந்த ஒப்புதல், விலங்குகளை எப்படிக் குலுக்கிப் பிரித்தோம், எண்ணியவருக்கு எந்தக் குழு என்று தெரியுமா, தீவனத்தில் மருந்து கொடுத்த ஆய்வில் ஓர் அலகு என்பது ஓர் ஆடா ஒரு பட்டியா, இவற்றையெல்லாம் எந்த மென்பொருளும் நமக்காக எழுதாது. இவற்றில் குலுக்கிப் பிரித்தது, எண்ணியவருக்குக் குழு தெரியுமா என்பது, அலகு எது என்பது ஆகியவற்றை, விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கான அரைவ் வழிகாட்டியின் 2020-இல் புதுப்பிக்கப்பட்ட பத்து அடிப்படைக் கூறுகளே கேட்கின்றன. அந்த வழிகாட்டியையும், தலையிடாமல் கவனித்துப் பதிவு செய்யும் கால்நடை ஆய்வுகளுக்கான ஸ்ட்ரோப்-வெட் பட்டியலையும் ஒவ்வொரு புதிய ஆய்வின் கோப்புறையிலும் முதல் பதிவாகச் சேர்த்துவிடுகிறேன். ஆய்வு முடிந்த பிறகு அவற்றைத் திறந்தால் பதில் இல்லாத கேள்விகளே மிஞ்சும். முதல் ஆட்டுக்குக் காது வில்லை போடுவதற்கு முன்னால் திறக்க வேண்டும்.

எம்.வி.எஸ்சி. சேர்ந்திருப்பவர்கள் ஆய்வேடு எழுதும் பருவம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் கருத்தரங்குக்குப் படிக்கும் முதல் கட்டுரையிலிருந்தே தொடங்குங்கள். நிறுவ அரை மணி நேரம் ஆகும், பழக ஒரு வாரம். ஏற்கெனவே பிடிஎஃப்கள் கோப்புறை கோப்புறையாகக் குவிந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துப் போடாதீர்கள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கு வேண்டியவற்றை மட்டும் சேர்த்து, பெயரும் தலைப்பும் சரிபார்த்து, அடுத்த கட்டுரைக்கு வரும்போது அதற்குரியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.