மாமியாருக்கு இடுப்பில் ராடு: ஆஸ்பத்திரி எப்படி?

மதுரையில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில் என் மாமியாருக்கு ஆபரேஷன் நடந்தது. டாக்டருக்கு முழு மார்க். ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தர மனசில்லை.

பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்ததில் வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. புத்தூர் கட்டு போட்டால் போதும் என்றார் சின்ன மாமனார். இந்த வயதில் மாதக்கணக்கில் படுத்தால் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டுக்குள் பந்து மாதிரி இருக்கும். அந்தப் பந்துக்கு அடியிலுள்ள கழுத்து உடைந்து விலகியிருந்தால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பந்தையே மாற்றுவார்களாம். அத்தைக்கு உடைந்தது அதற்கும் கீழே. அதற்கு பிஎஃப்என் என்ற ராடு. தொடை எலும்பின் உச்சி வழியாக அதை உள்ளே இறக்கி, குறுக்கே ஒரு தடித்த ஸ்க்ரூவைப் பந்துக்குள் ஏற்றி, கீழே இன்னொன்றால் பூட்டுகிறார்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்தபடியே செய்வதால், எலும்பு சரியாகச் சேர்ந்துவிட்டால் உடைந்த இடத்தைத் திறப்பதே இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் அந்த ஸ்க்ரூவின் முனையைக் காட்டினார். பந்தின் உச்சிக்கும் அதற்கும் உள்ள தூரத்தை முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். கூடினால், தேய்ந்த எலும்பைக் கிழித்துக்கொண்டு ஸ்க்ரூ வெளியே வரும் அபாயம் அதிகம். இப்படி யார் உட்கார வைத்துச் சொல்கிறார்கள்?

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள்.

அப்புறம் குறைகள். அத்தை ஹார்ட்டுக்கு க்ளோபிடோக்ரல் என்ற, ரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். அட்மிஷனில் யாரும் கேட்கவில்லை, மயக்க டாக்டர் கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. அந்த மாத்திரையால் உள்ளே ரத்தம் கசியலாம் என்பதால் முதுகில் மரப்பு ஊசி வேண்டாம், நாளைக் கடத்தவும் வேண்டாம் என்று முழு மயக்கத்தில் செய்ய முடிவெடுத்தார், நல்ல மனுஷி. பிசியோ வந்தார், "நடங்க பாட்டி" என்றார், போய்விட்டார். டாய்லெட்டில் எப்படி உட்கார்ந்து எழுவது என்று சொல்லித்தர ஆளில்லை. முதலில் சொன்ன தொகையில் ராடு விலை சேரவில்லை. கேஸ் ஷீட்டில் ராடின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கம்பெனி, அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில்தான். கேட்டு ஜெராக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வருத்தம், எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து பற்றி நாங்களாகக் கேட்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பக்கம் உடைந்த எலும்பு அந்தப் பக்கமும் உடையாதா?

கேன்டீன் பொங்கல் அருமை. கார் நிறுத்த இடமே இல்லை, ஆட்டோவில் போய்விடுங்கள்.