ராலே பக்கம் குடிவரும்போது: காம்ப்ளெக்ஸ் அபார்ட்மென்டா, தனி ஓனரின் டவுன்ஹவுஸா?

வட கரோலினாவின் ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கம் வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை வீடு பார்த்தாலும் கடைசியில் இரண்டு வகைக்கு நடுவில்தான் வந்து நிற்கின்றன. ஒன்று, லீசிங் ஆபீஸ், நீச்சல் குளம், ஜிம் என்று எல்லாம் உள்ளே இருக்கும் பெரிய அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ். இன்னொன்று, யாரோ ஒருவர் முதலீட்டுக்கு வாங்கிப்போட்டு வாடகைக்கு விடும் டவுன்ஹவுஸ், அதாவது பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய மாடி வீடு. நாங்கள் மோரிஸ்வில்லில் ஒரு காம்ப்ளெக்ஸில் தரைத்தள இரண்டு பெட்ரூம் வீட்டை எடுத்தோம். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் முதல் வருடத்துக்கு அதையேதான் சொல்கிறேன். என் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: ஜூலை மாதத்தில் ஏசி நின்றுபோனால் யார் வந்து சரிசெய்வார், எப்போது வருவார்?

அதற்கு முன் மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

இடத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் தொடங்கிய, கம்பெனிகள் நிறைந்த ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் ராலேக்கும் டர்ஹமுக்கும் நடுவில் இருக்கிறது. அதை ஒட்டிய மோரிஸ்வில், மேற்கு கேரி பக்கம்தான் நம்மவர்கள் அதிகம். வெங்கடேஸ்வரா கோயில், இந்திய மளிகைக் கடைகள், தமிழ்ப் பள்ளி எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட கார் பயணத்துக்குள். கார் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது, அது எந்த வீடு எடுத்தாலும் அப்படித்தான். குடிவந்த 60 நாட்களுக்குள் வட கரோலினா லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையில், நாங்கள் தேடிய சமயத்தில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் 1,600, 1,700 டாலர் பக்கம் இருந்தது. மூன்று பெட்ரூம் டவுன்ஹவுஸ் 2,200க்கு மேல். சதுர அடிக் கணக்குப் போட்டால் டவுன்ஹவுஸ்தான் லாபம். கூடவே கராஜும் கிடைக்கும். அமெரிக்காவில் கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கிக் கட்டிய பதிவு) இல்லாமல் நேராக இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி ஓனர் வசதியும்கூட. ஆஃபர் லெட்டரைக் காட்டி, நேரில் பேசி, சாவியை வாங்கிவிடலாம். காம்ப்ளெக்ஸில் வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம், கிரெடிட் ஸ்கோர் என்று கேட்பார்கள். ஸ்கோர் இல்லையென்றால் கூடுதல் டெபாசிட் கேட்பதும் உண்டு.

சமையலுக்கும் டவுன்ஹவுஸ்தான் ஒரு படி மேல். அபார்ட்மென்ட்களில் அடுப்புக்கு மேல் இருக்கும் மைக்ரோவேவ் ஃபேன் பல இடங்களில் புகையை வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடுகிறது. மிளகாய் தாளித்தால் படுக்கையறை வரைக்கும் நெடி போகும், சில சமயம் ஸ்மோக் டிடெக்டரும் கத்தும். வீடு பார்க்கப் போகும்போது அந்த ஃபேனை ஓடவிட்டு, முன்பக்க மேல் விளிம்பில் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். வந்தால் அது உள்ளேயே சுற்றுகிற ரகம்.

ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள் என்றால் படிக்கட்டை யோசித்தாக வேண்டும். இங்கே புதிதாகக் கட்டும் டவுன்ஹவுஸ்கள் பலவும் மூன்று அடுக்கு: கீழே கராஜ், நடுவில் சமையலறையும் ஹாலும், மேலே படுக்கையறைகள். முட்டிவலி உள்ளவர்களுக்கு ஒரு காபி குடிப்பதே ஏறி இறங்கும் வேலை. என் மாமியாருக்காகவே நாங்கள் தரைத்தளம் தேடினோம். காலையில் கதவைத் திறந்து நேராக நடைபாதைக்குப் போய்விடுவார். அதே காம்ப்ளெக்ஸில் இருக்கும் இன்னும் இரண்டு மூன்று வீட்டுப் பெரியவர்கள் சேர்ந்துகொள்ள, பகல் பொழுது அவருக்குப் பாரமாக இல்லை. மோரிஸ்வில் டவுன் 2021இல் தொடங்கிய இலவச ஸ்மார்ட் ஷட்டில் வாகன சேவை இருக்கிறது; கார் ஓட்டாத பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. வீட்டுக்குப் பக்கத்தில் அதன் நிறுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது வீண்போகாது.

இனி ஏசி விஷயம்.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்தவர்களுக்கு ராலேயின் கோடைப் புழுக்கம் புதிதில்லை. ஜூலையில் பகல் வெயில் 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், ஈரப்பதம் கூடவே. அந்த வெயிலை நம் உடம்பு தாங்கும். இங்கத்திய வீடு தாங்காது. மரச் சட்டம், ஜிப்சம் சுவர், தரை முழுக்கக் கார்ப்பெட், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய வீடு இது. எல்லா அறையிலும் சீலிங் ஃபேன் கிடையாது, எதிரெதிர் ஜன்னல் வைத்துக் காற்றோட்டம் விடுவது கிடையாது. ஏசி இரண்டு நாள் நின்றால் கார்ப்பெட்டில் ஒரு வாடை ஏறும். இன்னும் சில நாள் போனால் பாத்ரூம் மூலையில் பூஞ்சை தெரியும். மூன்று அடுக்கு டவுன்ஹவுஸில் வெப்பம் மொத்தமும் மேலே போய்ச் சேரும். படுக்கையறைகளும் அங்கேதான்.

ஏசி கெடுவது அபூர்வமான விஷயமும் இல்லை. ஈரப்பதம் அதிகமுள்ள ஊர் என்பதால் உள்ளே இருக்கும் யூனிட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அது வெளியேறும் குழாயில் பாசி பிடித்து அடைத்துக்கொண்டால், தட்டில் தண்ணீர் ஏறி, மிதவை சுவிட்ச் யூனிட்டை நிறுத்திவிடும். சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் இன்னும் மோசம்: யூனிட் பரணில் இருந்தால் கீழே இருக்கும் கூரையில் பழுப்புக் கறை படரும். அடுத்தது, வெளி யூனிட்டில் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர். விலை அதிகமில்லாத பொருள், ஆனால் கடும் வெயிலில் போய்விடும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பைன் மரங்களின் மஞ்சள் மகரந்தம் காரையே மூடும். அந்த மாதங்களில் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் காற்று வராமல் யூனிட் திணறும்.

எங்கள் காம்ப்ளெக்ஸில் இதில் முதல் இரண்டுமே நடந்தன. குழாய் அடைத்தபோது ஆப்பில் புகார் போட்டேன். மறுநாள் காலையில் மெயின்டனன்ஸ் ஆள் ஒரு வேக்யூமோடு வந்து பாசியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் போனார். கெபாசிட்டர் போனபோது அன்றைக்கே மாற்றினார். அவர் திறமைசாலி என்பது ஒரு பக்கம். நூற்றுக்கணக்கான வீடுகளிலும் ஒரே மாடல் யூனிட் என்பதால் அந்த உதிரி பாகம் அவர் ஷெட்டிலேயே இருந்தது என்பதுதான் முக்கியம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், விலை விசாரிக்க வேண்டாம். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான்.

அதே கோடையில் பக்கத்து டவுன்ஹவுஸ் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த நண்பர் வீட்டில் ஏசி நின்றது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஓனர் வேறு மாநிலத்தில். நல்ல மனிதர்தான், போனையும் உடனே எடுத்தார். ஆனால் அவர் ஹோம் வாரன்டி, அதாவது வீட்டுச் சாதனங்கள் கெட்டால் சரிசெய்து தரும் ஒப்பந்தம், வாங்கியிருந்தார். புகார் அங்கே போக வேண்டும், அவர்கள் ஒரு கான்ட்ராக்டரை நியமிக்க வேண்டும், அந்த கான்ட்ராக்டர் வந்து பார்த்து வாரன்டி கம்பெனிக்கு எழுத வேண்டும், அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பாகம் ஆர்டர் ஆகும். அடுத்த வார நடுவில்தான் வீடு குளிர்ந்தது. இடையில் குழந்தையோடு எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டார்கள். இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஒரே ஒரு வீடு வைத்திருக்கும் ஓனரால் இதைவிட வேகமாகச் செய்வது கடினம் என்பதுதான் என் வாதமே.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். வீட்டோடு கொடுத்த ஏசியை ஓனர் ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும், அவசரம் தவிர மற்ற நேரங்களில் எழுத்தில் தெரிவித்தால் உடனுக்குடன் பழுது நீக்க வேண்டும் என்று வட கரோலினா வாடகைச் சட்டம் சொல்கிறது. எத்தனை நாளில் என்ற கணக்கு அதில் இல்லை. குளிருக்கு மட்டும் சட்டம் கறாராக இருக்கிறது: நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது வீட்டை 65 டிகிரிக்குச் சூடாக்கும் வசதி இல்லாவிட்டால் அது உடனடி ஆபத்து என்ற பட்டியலில் வரும். ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. ஏசி ஓடவில்லை என்று வாடகையை நாமாக நிறுத்தி வைக்கவும் கூடாது. கோர்ட் தீர்ப்பு வந்த பிறகுதான் முடியும். ஆக, சட்டத்தை நம்பி ஜூலையைக் கடத்த முடியாது. வீட்டின் பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

காம்ப்ளெக்ஸ் என்றாலே ஆள் இருப்பார் என்றும் நம்பிவிடாதீர்கள். வீடு பார்க்கும்போது ஜிம்மைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எத்தனை வீட்டுக்கு எத்தனை மெயின்டனன்ஸ் ஆட்கள், அவர்களில் ரெஃப்ரிஜரன்ட் (ஏசி கேஸ்) கையாளச் சான்றிதழ் வைத்திருப்பவர் உண்டா என்று கேளுங்கள். சான்றிதழ் இல்லாதவர் கேஸ் நிரப்பக் கூடாது. வெளி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஏசி நிற்பதை எமர்ஜென்சியாக எடுத்துக்கொள்வார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வெளியே இத்தனை டிகிரிக்கு மேல் போனால்தான் எமர்ஜென்சி என்று சில இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். பழுது நீளும்போது கொடுக்க நகர்த்தும் ஏசி கைவசம் உண்டா என்றும் விசாரியுங்கள். இதற்கெல்லாம் லீசிங் ஆபீஸில் தடுமாறினால் அடுத்த காம்ப்ளெக்ஸைப் பார்க்கலாம்.

குளிர்காலத்திலும் ஒரு சங்கதி உண்டு. பல வீடுகளில் இருப்பது ஹீட் பம்ப், அதாவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் செய்யும் ஏசி. வெளி யூனிட் கெட்டுவிட்டால், உள்ளே இருக்கும் துணை மின் ஹீட்டர் தானாக ஓடி வீட்டைச் சூடாகவே வைத்திருக்கும். பழுது என்றே தெரியாது. டியூக் எனர்ஜியின் மின்சார பில் வரும்போதுதான் தெரியும். தெர்மோஸ்டாட்டில் துணை ஹீட்டர் விளக்கு எப்போதும் எரிகிறதா என்று ஜனவரியில் அவ்வப்போது பாருங்கள். இது இரண்டு வகை வீட்டுக்கும் பொருந்தும். மேலேயும் பக்கத்திலும் ஆட்கள் குடியிருக்கும் நடுவீட்டு அபார்ட்மென்டில் பில் குறைவாக வருவதையும் சொல்ல வேண்டும்.

காம்ப்ளெக்ஸின் குறை பணத்தில் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. விளம்பரத்தில் போடும் வாடகை ஒன்று, மாதாமாதம் கட்டுவது ஒன்று. குப்பையை வாசலில் வந்து எடுக்க ஒரு கட்டணம், பூச்சி மருந்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் இன்டர்நெட்டுக்கு ஒன்று. மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு ஒப்பிடுங்கள். "ஆறு வாரம் இலவசம்" என்று தரும் சலுகை முதல் வருடத்தோடு போய்விடும். அடுத்த வருட உயர்வு சலுகைக்கு முந்தைய முழு வாடகையின் மேல்தான் வரும். வாடகையை நிர்ணயிப்பதும் பல இடங்களில் மென்பொருள்தான். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறையும் வட கரோலினா உள்ளிட்ட சில மாநிலங்களும் அப்படி மென்பொருள் தரும் ரியல்பேஜ் நிறுவனத்தின் மீது இது தொடர்பாக வழக்கே போட்டன. லீசிங் ஆபீஸில் பேரம் பேசினால் பெரும்பாலும் திரையைத்தான் காட்டுவார்கள். தனி ஓனரிடம் பேசிக் குறைக்கலாம். ஒழுங்காக வாடகை கட்டும் குடும்பத்தை இழக்க அவருக்கு மனம் வராது.

ஆனால் அந்த ஓனர் ஒரு நாள் வீட்டை விற்க நினைக்கலாம். லீஸ் முடியும்வரை பொதுவாகப் பிரச்சினை இருக்காது. முடிந்ததும் கிளம்ப வேண்டும். இந்த ஊர்கள் அடங்கிய வேக் கவுன்டியில் குழந்தைக்கு எந்தப் பள்ளி என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. இரண்டு மைல் தள்ளிப் போனாலே வேறு பள்ளி ஆகலாம், அந்தப் பள்ளி நிரம்பியிருந்தால் இன்னும் தள்ளி இருக்கும் வேறொன்றுக்கு அனுப்புவார்கள். சில பள்ளிகளில் 45 நாள் வகுப்பு, 15 நாள் விடுமுறை என்று வருடம் முழுக்க ஓடும் நாட்காட்டி வேறு. குழந்தை பள்ளி மாறும் கவலை எங்களுக்கு இருந்ததால் இதுவும் காம்ப்ளெக்ஸ் பக்கம் தள்ளியது.

டவுன்ஹவுஸில் நான் வாடகைக்குக் குடியிருந்ததில்லை. சொன்னதெல்லாம் நண்பர்கள் வீட்டில் பார்த்தது. உள்ளூரிலேயே வசிக்கும், தனக்கென ஒரு ஏசி மெக்கானிக்கை வைத்திருக்கும் ஓனர் கிடைத்தால் என் வாதம் பாதிக்கு மேல் வலுவிழந்துவிடும். அப்படி ஓனர் வாய்த்து ஐந்து வருடமாக நிம்மதியாக இருக்கும் குடும்பத்தையும் எனக்குத் தெரியும். இரண்டு குழந்தைகள், வீட்டிலிருந்தே வேலை என்றால் 1,000 சதுர அடி போதாது. அவர்களுக்கு டவுன்ஹவுஸ்தான் சரி.

அப்படி எடுப்பவர்கள் லீஸில் கையெழுத்துப் போடும் முன் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏசி நின்றால் 48 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால், ஒரு குறிப்பிட்ட தொகை வரை நாமே மெக்கானிக்கை அழைத்து, ரசீதைக் காட்டி அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கிவிட வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை யூனிட் சர்வீஸ் யார் பொறுப்பு, ஃபில்டர் யார் செலவு என்பதும் அதிலேயே இருக்கட்டும். டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது, அதைத் தனி டிரஸ்ட் கணக்கில் போட வேண்டும் அல்லது அதற்கு இன்சூரன்ஸ் பாண்ட் எடுக்க வேண்டும், எந்த வங்கி அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி என்று 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் மாநிலச் சட்டம். தானே வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஓனர்களில் சிலருக்கு இது தெரியாது. பணிவாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். இந்த வரிகளை எழுதித்தர மறுக்கும் ஓனர் என்றால், சமையலறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.